பேத்தியின் அட்டையும் என் நெஞ்சுப் படமும்

வடக்கனந்தல்

கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி ஐயா அவர்களுக்கு, தங்களிடம் வேலை பார்க்கும் ஜெனிபரின் தாத்தா ஆரோக்கியதாஸ் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் என் மனைவி ரீத்தாவும் என் இருமலும் சௌக்கியம். தங்கள் வீட்டாரும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். முதியோர் வகுப்பில் படித்து இதை நானே என் கையால் எழுதுகிறேன். ஒவ்வொரு வரியையும் எழுதியதும் வாசித்துப் பார்க்கிறேன்; நன்றாகவே இருக்கிறது. ஆனால் விஷயம்தான் நன்றாக இல்லை.

ஈயக் கட்டியின்மேல் நியூட்ரானை மோதவிட்டால், ஈயத்தின் அணுக்கரு அதை விழுங்கிவிட்டுக் காமாக் கதிரைக் கக்குமாம். அதை அளப்பதுதான் ஜெனிபரின் வேலையாம். ஐயா, கல்வராயன் மலையில் தேன்கூட்டைக் கல்லால் அடித்துவிட்டு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அடித்துவிட்டு அங்கேயே நின்று, எத்தனை ஈ வந்தது, எது எவ்வளவு கோபமாக வந்தது என்று எண்ணியவரைப் பார்த்ததில்லை.

போனமுறை லீவில் வந்தவள், சட்டையில் குத்திக்கொள்ளும் அட்டையை மறந்து வைத்துவிட்டுப் போனாள். “கதிர் கிட்ட போனா இத்த மாட்டிக்கினுதான் போவணும் ஆயா” என்று ரீத்தாவிடம் எப்போதோ சொல்லியிருந்தாளாம். உடம்பில் பட்ட கதிருக்குக் கணக்குக் காட்டும் அட்டை என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ரீத்தா அதைக் காவல் என்று நினைத்து, நான் கழுத்தில் போட்டிருக்கும் மாதா உத்தரியக் கயிற்றில் கோத்து, இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்கக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பினாள்.

“பெரியவரே, கழுத்துல இன்னா?” என்றார் படம் எடுப்பவர்.

“உத்தரியம்ங்க. கழட்டுனது தெரிஞ்சா வூட்ல சோறு கிடைக்காதுங்க.”

“சரி, முதுகுப் பக்கம் தள்ளிக்கோங்க.”

கதிர் முதுகுப் பக்கமிருந்துதான் வரும் என்று பிறகுதான் தெரிந்தது. நான் இருமியதில் முதல் படம் கலங்கிப்போனது. அடுத்ததில் நெஞ்சுக்கு நடுவே ஒரு சதுரம். அவரும் பயந்து, நானும் பயந்து, மறுபடி எடுத்தார், சதுரம் நகரவில்லை. “எதனா முழுங்கிட்டீங்களா?” என்று பக்கவாட்டில் நிறுத்தி இன்னொன்று எடுத்தார். வீடு திரும்பினால் ஜெனிபரின் போன். அட்டையைக் கூரியரில் அனுப்ப வேண்டுமாம், யாரும் தொடவில்லையே என்று கேட்டாள். “நாங்க எதுக்குத் தொடறோம் பாப்பா” என்று ரீத்தா அதை என் கழுத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

இப்போது அட்டையைப் பார்த்துவிட்டு, அவள்மேல் கதிர் ஏறிவிட்டதென்று விசாரணை வைத்திருக்கிறீர்கள். “இனிமே அந்த ரூமுக்குள்ள விட மாட்டாங்க போலக்குது தாத்தா” என்று அழுகிறாள். ஐயா, அவள்மேல் எதுவும் ஏறவில்லை. ஏறியதெல்லாம் இந்த முதுகில்தான். வேண்டுமானால் என்னை விசாரியுங்கள், அவளை வேலைக்கு விடுங்கள். நான் எழுதுவது ரீத்தாவுக்குத் தெரியாது. அந்தப் பயம் தனி.

மாதா தங்களையும் தங்கள் கருவிகளையும் காப்பாளாக.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்திடும்
ஆரோக்கியதாஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஜெனிபர் பேசினாள். விசாரணை முடியும்வரை சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்புகிறீர்களாம். மூன்று வருடமாக அவள் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. ரீத்தா அதிரசத்துக்கு அரிசி ஊறவைத்துவிட்டாள். ஆகவே மேலே உள்ள எதையும் நம்ப வேண்டாம். நேற்று எழுதப் படித்த கிழவனின் பேச்சை எந்த அலுவலகமும் சாட்சியாக எடுக்காது. கதிர் பொல்லாதது. ஜனவரி வரையாவது நிதானமாக விசாரியுங்கள்.