பின்கட்டு வீடும் என் மலையாளமும்

திருச்சியிலேருந்து என்னைத் தென்காசிக்கு மாத்திட்டாங்க. அன்னிக்கு எனக்கு ஒரே வேலைதான். வாடகைக்கு ஒரு வீடு பேசி முடிக்கணும்.

ஆபீஸ்ல ஒருத்தர் விலாசம் குடுத்தார். மிளகாய் வத்தல் வியாபாரி சங்கரலிங்கம் அண்ணாச்சி. சொந்த வீடு, பின்கட்டு காலியா இருக்கு. "நல்ல மனுஷன். நீங்க போனா முடிஞ்சுது"ன்னார்.

நானும் முடிஞ்சுதுன்னே நம்பினேன். வீட்டுப் படி ஏறுறதுக்கு முன்னாடியே தந்தியாபீசுக்குப் போய், "வீடு தயார். புறப்படு"ன்னு என் சம்சாரம் ராஜத்துக்குத் தந்தி அடிச்சிட்டேன். அவ்வளவு முன்யோசனை!

அண்ணாச்சி வாசல்லயே வரவேத்தார். "வாங்க தம்பி! பின்கட்டுதான? பாக்கலாம், என்ன அவசரம்? சாரல் என்னமா விழுது பாத்தீயளா? குத்தாலத்துல ஒரு குளி குளிச்சிட்டு வந்து, சாப்பிட்டுட்டு சாவகாசமா பேசிக்கிடுவோம்."

உள்ளேருந்து அவர் சம்சாரம் தங்கம்மாள் எனக்குக் காப்பி கொண்டு வந்து வச்சாங்க.

"எந்தா சாரே, வீடு காணான் வந்நதாணோ?"

மலையாளம்! வீடு பாக்க வந்தீங்களான்னு கேக்குறாங்க. எனக்கு ஒரே குஷி. ஏன்னா எனக்கு மலையாளம் தெரியும். திருச்சி லாட்ஜ்ல என் ரூம்ல ஒரு மலையாளி ஆறு மாசம் இருந்தான். அவன் பாதி நாள் தூங்குவான், மீதி நாள் என்கூடத் தமிழ்ல பேசுவான். அது வேற விஷயம்.

"அதே, அதே"ன்னேன் ஸ்டைலா.

அண்ணாச்சி என்னையே பாத்துக்கிட்டுச் சொன்னார்: "தம்பி, அவளும் குத்தாலம் வாராளான்னு கேளுங்க."

அவங்க ரெண்டடி தள்ளித்தான் நிக்கிறாங்க!

அவங்களும் என்னைத்தான் பாத்தாங்க. "வண்டி பிடிக்கான் பறயூ சாரே."

வண்டி பிடிக்கச் சொல்லணுமாம். எனக்குப் பளிச்சுன்னு புரிஞ்சு போச்சு. அவருக்கு மலையாளம் தெரியாது, அவங்களுக்குத் தமிழ் தெரியாது! கல்யாணமாகி ஆறு வருஷம்னு ஆபீஸ்ல சொல்லியிருந்தாங்க. ஸ்கூலுக்குப் போற பையன் வேற இருக்கான். எப்படித்தான் குடும்பம் நடத்தினாங்களோ, பாவம்!

என் மனசு இளகிப் போச்சு. யாரும் கேக்காமலே துபாஷி வேலையை ஏத்துக்கிட்டேன்.

குதிரை வண்டியில நான் நடுவுல. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவங்க.

"துண்டு எடுத்தாளா கேளுங்க தம்பி."

"துண்டு எடுத்தோ?"

"எடுத்து."

"எடுத்தாச்சாம் அண்ணாச்சி!"

ஜோரா போகுது! கோர்ட்டுலயே இந்த வேலைக்குப் போகலாம் போலிருந்துது.

கொஞ்ச தூரம் போனதும் அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். "அவ மனசுல என்னதான் இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். அவங்க முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கிட்டு, "எனிக்கு மதியாயி சாரே, மதியாயி!"ன்னாங்க.

மதி! மதிப்பு! இது தெரியாதா எனக்கு?

"அண்ணாச்சி, உங்க மேல ரொம்ப மதிப்பு வச்சிருக்காங்களாம். ரெண்டு தடவை சொல்றாங்க."

அண்ணாச்சி என்னையே ஒரு நிமிஷம் பாத்தார். மீசைக்குள்ள ஏதோ துடிச்சுது. அந்தப் பக்கத்துலேருந்தும் இருமல் மாதிரி ஒரு சத்தம். சாரல் ஒத்துக்கலை போலன்னு நெனச்சேன்.

'போதும், சலிச்சுப் போச்சு'ங்கிறதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தமாம். அது எனக்குப் பின்னாலதான் தெரிஞ்சுது.

குத்தாலத்துல சரியான கூட்டம். அண்ணாச்சி எண்ணெய் தேய்ச்சு, அருவியில குளிச்சு, வெளிய வந்து தும்மினார். தும்மிட்டு மறுபடியும் அருவிக்குள்ள போயிட்டார்!

பொம்பளைங்க பக்கம் குளிச்சு முடிச்சு வந்த தங்கம்மாள் அதைப் பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டாங்க. "அங்ஙேர்க்கு பிராந்தா சாரே, பிராந்து! சார் ஒந்நு பறயணும்."

நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணுமாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. பிராந்தியா! தமிழ்நாடு பூரா மதுவிலக்கு நடக்குது, இந்த மனுஷன் இப்படியா? அதான் அந்தம்மா இவ்வளவு வேதனைப்படுறாங்க! சும்மா விடலாமா?

அண்ணாச்சி ஈரத் துண்டோட வெளிய வந்ததும் பக்கத்துல போய் மெதுவாச் சொன்னேன். அருவிச் சத்தத்துல அவருக்குக் கேக்கலை.

"என்ன?"

இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொன்னேன்.

"என்னது தம்பி?"

தொண்டை கிழியக் கத்தினேன்: "நீங்க பிராந்தி குடிக்கிறதா உங்க வீட்ல சொல்றாங்க அண்ணாச்சி!"

அருவியைத் தவிர அத்தனை பேரும் நின்னுட்டாங்க. எண்ணெய் தேய்க்கிறவர் கை அந்தரத்துல நிக்குது. வரிசையைப் பாத்துக்கிட்டிருந்த போலீஸ் ஏட்டு லத்தியோட வந்துட்டார்.

"யாருவே பிராந்தி குடிச்சது?"

"ஏட்டையா, நான் காப்பியே தொடமாட்டேன்!"

"அப்படியா? ஊதுங்க பாப்போம்."

ஊர்ல பெரிய வியாபாரி, இடுப்புல ஒரு துண்டோட, இருநூறு பேர் முன்னால ஊதினார்! ஊதும்போது தும்மலும் சேந்து வந்துருச்சு. ஏட்டு முகத்தைத் துடைச்சுக்கிட்டார்.

"நிறுத்துங்க ஏட்டையா!" தங்கம்மாள் கூட்டத்தை விலக்கிக்கிட்டு ஓடி வந்தாங்க. "எங்க வீட்டு ஆளையா சொல்லுதீய? மோந்து பாத்தாலே மயங்கி விழுந்துருவாவ! நான் பிராந்துன்னுல்லா சொன்னேன். மலையாளத்துல கிறுக்குன்னு அர்த்தம். தும்மிக்கிட்டே திரும்பவும் அருவிக்குள்ள போனா வேற என்ன சொல்ல? இந்த சாரு அதைப் பிராந்தி ஆக்கிட்டாரு!"

அத்தனையும் சுத்தத் திருநெல்வேலித் தமிழ்!

எனக்கு வாய் மூடலை. "உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாம? பொறந்தது செங்கோட்டை, வளந்தது கொல்லம். ரெண்டும் தெரியும்."

அண்ணாச்சி சிரிச்சுக்கிட்டே அவங்ககிட்ட மலையாளத்துல ஏதோ சொன்னார். தண்ணி மாதிரி ஓடுது! அப்புறம் என் பக்கம் திரும்பினார். "மூணு நாளா எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை கிடையாது தம்பி. கோவம் வந்தா இவ வாயில மலையாளம்தான் வரும். நல்ல நேரத்துல நீங்க வந்து சேந்தீய. மதிப்பு வச்சிருக்கான்னு சொன்னீயளே, அப்பவே எனக்குக் கோவம் போயிட்டு."

ஏட்டு என் தோள்ல தட்டினார். "தம்பி, தெரிஞ்ச பாஷையில மட்டும் பேசும்."

திரும்பி வரும்போது என்னை வண்டிக்காரர் பக்கத்துல உக்கார வச்சிட்டாங்க. பின்னால ரெண்டு பாஷையிலயும் ஒரே சிரிப்பு. மழையில நனைஞ்சாலும் எனக்குப் பெருமை தாங்கலை. ஒரு குடும்பத்தையே சேத்து வச்சிருக்கேன்! இனிமே பின்கட்டு எங்க போயிடும்?

சாப்பாடு பிரமாதம். ரெண்டாவது தடவை பாயசம் விடும்போது மெதுவா ஆரம்பிச்சேன். "அந்தப் பின்கட்டு..."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

"சண்டையே அதுக்குத்தான் தம்பி"ன்னார் அண்ணாச்சி. "கொல்லத்துல தனியா இருக்கிற எங்க அத்தைய, அதான் இவ அம்மாவ, கொண்டு வந்து பின்கட்டுல வைக்கணும்னு இவ சொன்னா. வாடகைக்குத்தான் விடுவேன்னு நான் நின்னேன். இப்ப நீங்க எங்களைச் சேத்து வச்சிட்டீய. இனிம நான் எப்படி மாட்டேன்னு சொல்ல? அடுத்த வாரம் அத்தை வாராவ."

"எல்லாம் சாராலதான்!" தங்கம்மாள் இன்னும் ஒரு கரண்டி பாயசம் விட்டாங்க.

நான் இலையை மூடிட்டேன். ராஜம் ரயில் ஏறியிருப்பா!

என் முகத்தைப் பாத்து அண்ணாச்சி மனசு இரங்கினார். அவரோட வத்தல் கிட்டங்கி, அதான் குடோன், மாடியில ஒரு ரூம் குடுத்தார். கீழ பூரா மிளகாய் மூட்டை. மறுநாள் தகரப்பெட்டியும் கைக்குழந்தையுமா ராஜம் படியேறினா. முதல்ல குழந்தை தும்முச்சு, அடுத்தது அவ, அப்புறம் நான்.

"இதுதான் தயாரா இருந்த வீடா?"ன்னு கேக்க வாயைத் திறந்தா. பாதியிலேயே அடுத்த தும்மல் வந்துருச்சு.

ரெண்டு மாசம் தும்மிக்கிட்டே குடும்பம் நடத்தினோம்.

அன்னிலேருந்து, புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா எனக்குத் தமிழே தெரியாது.