மூன்றாம் நம்பர் தக்காளி

ரங்கநாதர் துணை

ஸ்ரீரங்கம், மேலூர் ரோடு
விளம்பி வருஷம் தை மாதம் 16, வியாழக்கிழமை

சிரஞ்சீவி தம்பி பிச்சமுத்துவுக்கு அக்கா அமிர்தம் எழுதிக்கொண்டது. பெருமாள் கிருபையால் உனக்கும் பொன்னுத்தாய்க்கும் குன்னூர்க் குளிரில் ஒரு இருமல்கூட வராமல் இருக்கட்டும். இவ்விடம் எல்லோரும் சௌக்கியம் என்று ஐந்து மாசமாக உனக்குப் போட்ட கடிதங்களில் எல்லாம் பழக்கதோஷத்தில் எழுதிவந்தேன். அது பொய். இன்று எழுதுவதுதான் நிஜம். எல்லோரும் சௌக்கியம். உன் அத்தான் மறுசோறு கேட்டுவிட்டார்.

இதைச் சொல்ல ஒரு கார்டு போதும். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் நீ செய்த உபகாரத்தின் அளவு உனக்கே தெரியும் என்பதால் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் எழுத்துக் கற்றதே உன் பள்ளிக்கூடப் பலகையை எதிரே உட்கார்ந்து பார்த்துத்தான். ரொம்ப நாள் எனக்குத் தலைகீழாகத்தான் படிக்க வந்தது. அந்தக் கடனும் உன்னிடம் இருக்கிறது. அதனால் பிழை இருந்தால் உன் பலகையைக் குற்றம் சொல்லிக்கொள்.

நீ புரட்டாசியில் பார்க்க வந்தபோது, “சட்டையை ஏன் அக்கா பெஞ்சில காயப்போட்டிருக்கே?” என்று கேட்டுவிட்டு, சட்டைக்குள் அத்தான் உட்கார்ந்திருப்பதைக் கண்டு நாக்கைக் கடித்துக்கொண்டாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். டைபாய்டு சுரம் போகிறபோது வாய்ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. டாக்டரோ, தை மாசம் முடியும்வரை புளியைக் கண்ணிலேயே காட்டாதீர்கள், புளிப்பு வேண்டுமென்றால் தக்காளி சேர்த்துக்கொள்ளலாம் என்றுவிட்டார். உன் அத்தானுக்குப் புளி கூடாது என்பதும் சோறு கூடாது என்பதும் ஒன்றுதான். ஆயுத பூஜை கழித்துப் பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்கு வேலைக்குத் திரும்பினார். டிபன் கேரியர் காலையில் என்ன கனத்தோடு போயிற்றோ அதே கனத்தோடு சாயங்காலம் திரும்பி வந்தது. “சாப்பிடலையாங்க?” என்றால், “சாப்பிட்டேனே” என்பார். கேரியருக்குப் பொய் சொல்லத் தெரியாது. கால் பங்கு மிச்சம், முக்கால் பங்கு மிச்சம், தொடவே இல்லை என்று தினம் நோட்டில் எழுதிவைத்தேன். மார்க்கெட் தக்காளி காயாகப் பறித்து வைக்கோலில் பழுக்கவைத்தது. அதில் ரசம் வைத்தால் வெந்நீரில் சிவப்புச் சாயம் கரைத்த மாதிரிதான் இருந்தது. ஒருநாள் அவர் கதவுக்குப் பின்னால் நின்று, ஆணியும் கல்லுமாக, பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன்னாலேயே இரண்டு புது ஓட்டை இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. நேரே போய்ப் பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று, இவர் தாமாக வாய் திறந்து மறுசோறு கேட்கிற நாள்வரை புளிப்பு என் நாக்கில் படாது, கேட்ட பிறகு வருகிற வெள்ளிக்கிழமை சந்நிதிக்கு வந்து விரதத்தை முடிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மாங்காய் ஊறுகாய்க்காகவே பிறந்தவள் நான் என்பது உனக்குத் தெரியும். சின்ன வயசில் உன் பங்கையும் தின்றவள். அவ்வளவும் போயிற்று. மோர்கூடப் போயிற்று.

பெருமாளிடம் வாக்குக் கொடுக்கிறவள் கொஞ்சம் முன்யோசனையோடு கொடுத்திருக்க வேண்டும். ருசி பார்த்துத் தக்காளி பொறுக்குகிற உத்தியோகம் எனக்கு அடுத்த வாரமே தபாலில் வரும் என்று யார் கண்டது? உன் பார்சல் வந்தது. நாலு பொட்டணம், சிவப்புப் பென்சிலில் ஒன்று முதல் நாலு வரை நம்பர், கூடவே உன் சீட்டு: “துரை பங்களாத் தோட்டத்து விதை, நாலும் நாலு ஜாதி. உங்கள் மண்ணுக்கு எது ருசியாக வருகிறது என்று பார்த்து, அதை மட்டும் விதைக்கு வைத்துக்கொள் அக்கா.” உன்னைத் தவிர வேறு யாருக்கு இது தோன்றும்? அழுதுவிட்டேன். என் மாமியார் மயிலம்மாள் அத்தை எட்டிப் பார்த்து, “என்னடி, தம்பி தந்தியா அனுப்பிச்சான்?” என்றார்கள். விதை என்றேன். “இதுக்கா அழுவே? நான் என்னமோன்னு பயந்துட்டேன்” என்று பொட்டணத்தை மோந்து பார்த்துவிட்டு, “பெரிய கோயில் மடைப்பள்ளிக்குள்ள போகாத காயி. வளர்க்கிறதுன்னா வளத்துக்க, என் பெருமாளுக்குக் காட்டாதே” என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அன்று முதல் நம் வீட்டில் இரண்டு ரசம். பெருமாளுக்கும் அத்தைக்கும் புளி ரசம், உன் அத்தானுக்குத் தக்காளி ரசம். எனக்கு இரண்டும் இல்லை.

கொல்லையில் நாலு பாத்தி கட்டினேன். ஒன்றாம் நம்பர் கிணற்றோரம், இரண்டாம் நம்பர் துளசிமாடத்துக்குப் பின்னால், நாலாம் நம்பர் வேலியோரம். மூன்றாம் நம்பருக்குத்தான் இடம் கிடைக்காமல் குளியலறைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலுக்குப் பக்கத்தில் போட்டேன். நாற்று இரண்டு இலை விட்டதும் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. இருந்த கூடையை எல்லாம் கவிழ்த்தேன், முறத்தைக் கவிழ்த்தேன், நாலாம் நம்பருக்கு ஒன்றும் கிடைக்காமல் உன் அத்தானின் குடையை விரித்து வைத்தேன். அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்து, “அழகர்சாமி, உன் குடைக்குக் கல்யாணம் ஆயிடுச்சுடா, தனிக்குடித்தனம் போயிடுச்சு” என்று மகனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் சிரித்தார். சுரம் வந்த பிறகு முதல் சிரிப்பு. அதையும் உன் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

மார்கழியில் கோலம் போட்டுவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு செடிகளைச் சுற்றி வந்துவிட்டுத்தான் கோயிலுக்கே போவேன். பெருமாள் மன்னிக்க வேண்டும், திருப்பாவை சொல்லும்போதே இலைப்புழு கண்ணில் பட்டுவிடும், பாசுரத்துக்கு நடுவில் நசுக்கவேண்டி வரும். பொங்கலுக்கு முன்னால் பழுக்க ஆரம்பித்தது. ஒன்றாம் நம்பர் எலுமிச்சம்பழம் அளவு உருண்டை. இரண்டாம் நம்பர் பூசணிக்காய் மாதிரி வரிவரியாக, பார்க்க லட்சணமில்லை. நாலாம் நம்பர் குலைகுலையாகச் சுண்டைக்காய்க்கு அண்ணன். மூன்றாம் நம்பர் இருக்கிறதே, தம்பி, புளி போட்டுத் துலக்கின செப்புச்சொம்பு கெட்டது போ! ஒவ்வொன்றும் கைகொள்ளாத பழம். வாய்க்கால் தண்ணீர் குடித்துக் குடித்துத் தளதளவென்று நின்றது. எனக்கு உள்ளூர அதன்மேல்தான் ஆசை. ஆசைப்பட்டு என்ன, கடித்துப் பார்க்க நாக்கு இல்லையே. பக்கத்து வீட்டுப் பேட்ரிசியா டீச்சரிடம் நாலு தட்டில் நாலையும் நறுக்கிக் கொடுத்து, மார்க் போடச் சொன்னேன். அந்தப் புண்ணியவதி இருபது வருஷமாக ஒரு பிள்ளையையும் பெயில் போட்டதில்லையாம். “ஒண்ணு ரொம்ப நல்லா இருக்குங்க. ரெண்டும் ரொம்ப நல்லா இருக்குங்க. நாலு ரொம்ப ரொம்ப நல்லா இருக்குங்க” என்று எல்லாவற்றுக்கும் தொண்ணூறு போட்டார். “மூணு எப்படி டீச்சர்?” என்றேன். “மூணு பார்க்க எவ்வளவு அழகா இருக்குங்க!” என்றார். அதற்கும் தொண்ணூறு.

சரி, உன் அத்தானின் வாய்தான் முடிவு சொல்லவேண்டும் என்று நாலு நாள் நாலு ரசம் வைத்தேன். அதே ஈயச்சொம்பு, அதே மிளகு சீரகம், பழம் மட்டும் எடை பார்த்துப் போட்டேன். வியாழக்கிழமை கேரியரில் ஒன்றாம் நம்பர் போயிற்று. பாதி மிச்சம். வெள்ளிக்கிழமை இரண்டு, கால் பங்கு மிச்சம். சனிக்கிழமை நாலு, அதுவும் கால் பங்குதான், “இன்னிக்குப் பரவாயில்லை” என்று ஒரு வார்த்தை கூடுதல். மூன்றாம் நம்பர் பெரிய காய், தாமதமாகப் பழுத்தது, அதனால் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தது. வீட்டுச் சாப்பாடு. ரசம் நுரை கட்டுகிற சமயம் பார்த்துத் துளசி பறிக்கக் கொல்லைக்குப் போய்விட்டு வந்து, பெருமாளுக்குப் புளி ரசத்தைக் காட்டிவிட்டு இலை போட்டேன். அவர் ஒரு கவளம் வாயில் வைத்தார். கை நின்றது. என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். சாப்பிட்டது என்று சொன்னால் போதாது. இலையில் ரசம் ஓடுகிற பக்கம் எல்லாம் கை ஓடியது. நான் வாயைத் திறக்காமல் பெருமாளே பெருமாளே என்று நின்றேன். அப்போது சொன்னார், “அமிர்தம், இன்னும் கொஞ்சம் சோறு போடு.” கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. சோறு போடாமல் பூஜை அறைக்கு ஓடிவிட்டேன். “அவன் சோறு கேக்கறான், இவ கோயிலுக்குப் போறா” என்று அத்தைதான் எழுந்து போட்டார்கள். மூன்றாம் முறையும் போட்டுக்கொண்டார், தம்பி. எண்ணினேன்.

திங்கட்கிழமை முதல் இன்றுவரை தினம் மூன்றாம் நம்பர் ரசம்தான், கேரியர் தினம் காலி. நேற்றுப் பெல்ட்டில் பழைய ஓட்டைக்குப் போய்விட்டார். நோட்டில் மூன்றாம் நம்பருக்கு நேரே நூறு மார்க் போட்டுக் கோடு இழுத்துவிட்டேன். ஒரு ஜாதி விதை சுத்தமாக இருக்கவேண்டும் என்றால் பக்கத்தில் வேறு ஜாதி இருக்கக்கூடாது என்று பேப்பரில் விவசாயப் பகுதியில் படித்திருக்கிறேன். ஆகவே திங்கட்கிழமையே ஒன்று, இரண்டு, நாலாம் நம்பர் பாத்திகளை எல்லாம் வேரோடு பிடுங்கி எருக்குழியில் போட்டுவிட்டேன். இருந்த பழத்தை எல்லாம் டீச்சருக்குக் கொடுத்துவிட்டேன். கொல்லை முழுக்க இனி மூன்றாம் நம்பர்தான். உனக்கும் விதை எடுத்து அனுப்புகிறேன், துரைக்கும் கொடு. இந்தக் குடும்பத்துக்கு நீ அனுப்பினது நாலு பொட்டணம் விதை இல்லை, ஒரு ஆள். ஒரு முழு ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். உன் வீட்டுப் பானையில் சோறும், அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆளும் என்றைக்கும் குறையாமல் இருக்க ரங்கநாதர் அருள்வார். பொன்னுத்தாய்க்கு என் அன்பும் ஆசீர்வாதமும். அத்தையும் உன்னை விசாரித்தார்கள். விதை அனுப்பினவன் என்று இப்போது கொஞ்சம் மரியாதையாகவே விசாரிக்கிறார்கள்.

இப்படிக்கு, உன் நன்றி மறவாத அக்கா,
அமிர்தம்

பி.கு.: சந்நிதித் துளசியும் சேர்த்து அனுப்பலாம் என்று கவரை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய்த் தீர்த்தம் வாங்கி, விரதத்தை முடித்து, வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கொல்லைக்கு ஓடி, மூன்றாம் நம்பரில் நல்ல பழமாகப் பார்த்துப் பறித்து, மூன்று மாசத்துக்குப் பிறகு முதல் புளிப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி கடித்தேன். சுரைக்காய், தம்பி. சுத்தமான சுரைக்காய். இன்னொன்று கடித்தேன், அதுவும் வாய்க்கால் தண்ணீர்தான். அத்தையிடம் ஓடினேன். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொல்கிறார்கள்: “பின்னே? ஞாயித்துக்கிழமை நீ துளசி பறிக்கப் போனப்ப உள்ளங்கையில ரெண்டு சொட்டு விட்டுப் பார்த்தேன். வெறும் தண்ணி. பெருமாள் ரசத்துக்குக் கரைச்ச புளி பக்கத்திலேயே இருந்துச்சு, ஒரு கரண்டி ஊத்தினேன். அப்புறம் தினமும் ஊத்தறேன்.” மற்ற மூன்று ரசத்துக்குமா என்று கேட்டேன். “அதுக்கெல்லாம் எதுக்கு? அதெல்லாம் நல்லாத்தானே புளிச்சுது.” டாக்டர் தை முடியும்வரை கூடாது என்றாரே என்றால், “என் மகன் சாப்பிடணுமா, உன் நோட்டு ஜெயிக்கணுமா?” உன் அத்தானிடம் கேட்டேன். “முதல் வாயிலேயே தெரிஞ்சுது அமிர்தம். சொல்லியிருந்தா ரெண்டாவது வாய் போட்டிருப்பியா?” என்கிறார். வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை, அது பெருமாள் கருணை. டீச்சர் வீட்டுக்கு ஓடினேன், ஒரு பழமாவது விதைக்குக் கிடைக்குமா என்று. மூன்று ஜாதியும் ஒன்றாக ஜாம் ஆகிவிட்டது. “ரொம்ப நல்லா வந்திருக்குங்க” என்று ஒரு பாட்டில் கொடுத்தார். உன் விதைமேல் குற்றம் இல்லை, மூன்றாம் நம்பரை வாய்க்கால் ஓரம் போட்டு நாளெல்லாம் தண்ணீர் குடிக்கவிட்டது நான். ஆகவே தயவுசெய்து நாலு பொட்டணமும் மறுபடி அனுப்பவும். இந்தத் தடவை நானே கடித்துப் பார்க்கிறேன், வேண்டுதல் ஒன்றும் வைத்துக்கொள்ளப் போவதில்லை. மேலே எழுதியதில் உனக்குச் சொன்ன நன்றியை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். நோட்டில் மட்டும் மூன்றாம் நம்பரை அடித்துவிட்டு, அந்த நூறு மார்க்குக்கு நேரே மயிலம்மாள் என்று எழுதியிருக்கிறேன்.