மூன்று மேகலாவும் ஒரு கல்சுவரும்

ஏற்காடு,
ஒண்டிக்கடைக்குக் கீழே.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அர்த்தநாரி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை மேகலாவைக் கட்டிக்கொண்ட கோவிந்தராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. சேர்வராயன் பெருமாள் புண்ணியத்தில் இங்கே நானும் மிளகுக்கொடிகளும் நலம். சேலத்தில் தாங்களும் அக்காவும் குழந்தைகளும், விருந்தாளியாக வந்து இன்னும் கிளம்ப மனமில்லாமல் இருக்கும் என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் "சரிங்க மாப்ள, சரிங்க மாப்ள" என்றபடியே டிவி பார்ப்பீர்கள். மேகலாவோ என் அழைப்பை எடுப்பதேயில்லை. தபாலில் வந்தால் உங்கள் வீட்டில் ஒருவராவது முழுக்கப் படிப்பார் என்பதால் எழுதுகிறேன். விஷயம் மகிழ்ச்சியானது. நம் வீட்டு இன்டர்நெட் கோளாறை நானே, தனி ஆளாக, அடியோடு தீர்த்துவிட்டேன். ஆகவே மேகலாவை அனுப்பி வைக்கலாம்.

அவள் எதற்காகக் கிளம்பி வந்தாள் என்று உங்களிடம் ஒரு பக்கக் கதையைத்தான் சொல்லியிருப்பாள். மறுபக்கம் இது. அவளுடைய ஆன்லைன் ஆரித் தையல் வகுப்பு உங்களுக்குத் தெரியும். கல்யாண ரவிக்கை வேலை கற்றுத்தரும் புது வகுப்பின் முதல் நாள். துபாயிலிருந்துகூட ஒரு பெண் சேர்ந்திருந்தாள். மயிலின் கழுத்துக்கு ஊசியை எப்படித் திருப்ப வேண்டும் என்று இவள் சொல்லப்போன நேரத்தில் படம் உறைந்துவிட்டது. வாய் திறந்து, ஒரு கண் மூடி, ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டாளாம். அதை யாரோ படம் பிடித்து வகுப்புக் குழுவிலேயே போட்டு, "டீச்சர் யாரைக் குத்தப் போறாங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். பாதிப் பேர் அன்றே விலகிவிட்டார்கள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, "ஏனுங்க, ஆறு மாசமா சொல்றேன், நாளைக்குப் பாக்கறேன் நாளைக்குப் பாக்கறேன்னீங்க. நான் அண்ணன் ஊட்டுக்குப் போறேன். இனி வகுப்பு அங்கதான்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். இனி அங்கதான் என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது மச்சான்.

நம் வீடு சரிவில் கட்டியது என்பது நீங்கள் படியேறி மூச்சு வாங்கியதிலேயே தெரிந்திருக்கும். ரோட்டு மட்டத்தில் ஹால், நடுவில் சமையலறை, அதற்கும் கீழே மேகலாவின் ஆரி அறை. கேபிள் ரோட்டிலிருந்து வருவதால் ரவுட்டர் ஹாலில் இருக்கிறது. நடுவே அந்தக் காலத்துக் கருங்கல் சுவர், ஒரு முழம் கனம். அதைத் தாண்டி ஆரி அறைக்கு வைஃபையும் போகாது, போன் சிக்னலும் வராது. அதனால் சேலம் போய் எக்ஸ்டெண்டர் என்ற கருவியை வாங்கி வந்தேன். சாதா எக்ஸ்டெண்டர் அல்ல, டூயல் பேண்ட். உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். அதில் இரண்டு அலைவரிசை உண்டு. ஒன்று நம் டவுன் பஸ் மாதிரி, எந்தக் கொண்டை ஊசி வளைவானாலும் முக்கி முனகி ஏறிவிடும், வேகம் மட்டும் கேட்கக் கூடாது. இன்னொன்று புதுக் கார் மாதிரி, பறக்கும், ஆனால் கல்சுவரைக் கண்டால் அங்கேயே நின்றுவிடும். இரண்டையும் இடம் பார்த்துப் பயன்படுத்துகிறவன்தான் கெட்டிக்காரன். அந்த ஆள் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அதை நேரே ஆரி அறையிலேயே மாட்டினேன். நெட் வராத இடத்தில்தானே மருந்து வைக்க வேண்டும்? சிவப்பு விளக்கு அருமையாக எரிந்தது. முழு வீச்சில் வேலை செய்கிறது என்று நினைத்து அரை நாள் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "சார், மாட்டின இடத்துல ஏற்கெனவே சிக்னல் எவ்வளவு வருது?" என்றாள். "சுத்தமா வராதும்மா, அதுக்குத்தான் வாங்கினேன்" என்றேன். பிறகு, "சார், அது இருக்கிற சிக்னலை வாங்கித்தான் நீட்டும். இல்லாததை எதுங்க சார் நீட்டும்? ரவுட்டருக்கும் ரூமுக்கும் நடுவுல வைங்க" என்றாள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

நடு என்றால் சமையலறை. ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன். நன்றாகவே வந்தது, நான் மைக்ரோவேவில் பால் சுட வைக்கும் வரை. அடுப்பு சுற்றினால் நெட் நிற்கிறது, அடுப்பு நின்றால் நெட் ஓடுகிறது. நெட்டா காப்பியா என்ற நிலைமை. காப்பியை விட முடியுமா, ஏற்காட்டில் இருந்துகொண்டு? ஆகவே ஜன்னல் கட்டைக்கு மாற்றினேன். இரண்டு ஆன்டெனாவும் நிமிர்ந்து நிற்க, அழகாக இருந்தது. அழகு என்று எனக்கு மட்டும் தோன்றவில்லை. நான் முகம் கழுவி வருவதற்குள் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பக்கத்து வீட்டுத் தெரசம்மாள், அந்த ரிட்டயர்டு நர்ஸ் அம்மா, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் போட்டார். "தம்பி கோவிந்தராஜு! உங்க ஊட்டுக் குரங்கு என் சில்வர் ஓக் மரத்துல ஏறி உக்காந்து யாருக்கோ போன் பண்ணுதுப்பா!"

"அது எங்க ஊட்டுக் குரங்கு இல்லீங்கம்மா, கருவிதான் எங்களுது."

"எதுவா இருந்தா என்ன, நொம்ப நேரமா லைன் கெடைக்கல போல. மூஞ்சியப் பாரு."

வாழைப்பழத்தைக் காட்டியதும் போட்டுவிட்டு வந்தது. ஒரு ஆன்டெனாவில் பல் பதிந்திருக்கிறது, அவ்வளவுதான். மாட்டிப் பார்த்தால் வேலை செய்கிறது. நல்ல தயாரிப்பு மச்சான், எதையும் தாங்குகிறது.

அதன்பிறகு இரண்டாவது எக்ஸ்டெண்டரும் வாங்கினேன். எது எது என்று குழம்பாமல் இருக்கப் பெயர் வைக்கச் சொன்னது போன். எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. ஹாலில் இருப்பதற்கு மேல் மேகலா, சமையலறையில் இருப்பதற்கு நடு மேகலா, புதியதற்குக் கீழ் மேகலா. அன்று சாயங்காலமே தெரசம்மாள் தன் போனில் தெரிந்த வைஃபை பெயர்களைக் காட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ஒரு மேகலா கோவிச்சுக்கிட்டுப் போனான்னு கேள்விப்பட்டேன். இங்க மூணு மேகலா வந்து நிக்குதே தம்பி, இது நல்லா இல்லப்பா" என்றார். விளக்கிச் சொன்னேன். "பேரு வச்சதுக்கு அந்தப் புள்ளைய ஒரு நடை போயிக் கூப்பிட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு டெக்னாலஜி புரிவதில்லை.

கடைசியில் வெற்றி மாடிப்படித் திருப்பத்தில் கிடைத்தது. அங்கே சுவரில் பழைய காற்றுத் துவாரம் ஒன்று இருக்கிறது. அதன் வழியே மேலே பார்த்தால் நடு மேகலா தெரியும், கீழே எட்டிப் பார்த்தால் ஆரி அறை தெரியும். கல்சுவரில் மோதாமல் ஓரமாகச் சுற்றி வந்துவிட்டேன். கீழ் மேகலாவை அங்கே மாட்டி, ஆரி அறைக்குப் போய், அவள் நாற்காலியிலேயே உட்கார்ந்து என் போனில் படம் ஒன்றைப் போட்டேன். நிற்கவே இல்லை! பாட்டு, சண்டை, அழுகை எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. வேகம் பார்த்தேன், சேலத்தில் உங்கள் வீட்டில் வருவதைவிட அதிகம். நம்பாவிட்டால் நேரில் வந்து பாருங்கள்.

படம் முடிந்ததும் எழுந்திருக்க மனம் வரவில்லை. ஸ்டாண்டில் துணி இழுத்துக் கட்டியபடியே இருக்கிறது. மயிலுக்குக் கழுத்து வரை வந்திருக்கிறது, தலை இல்லை. ஊசி அங்கேயே குத்தி நிற்கிறது. அவள் வகுப்பு எடுக்கும்போது குரல் படியேறி ஹால் வரை வரும். "கண்ணு, நூலை இழுக்காத, அதுவா வரட்டும்" என்பாள். அந்தச் சத்தம் இல்லாமல் டிவியைக் கூட்டிக் கூட்டி வைக்கிறேன், பிடிக்கவில்லை. இதை நீங்கள் அவளிடம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் குற்றமில்லை.

ஆகவே மச்சான், காலை பஸ்ஸில் அவளை ஏற்றிவிடுங்கள். அடிவாரம் தாண்டியதும் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், ஒண்டிக்கடையில் நிற்பேன். விலகிப்போன மாணவிகளும் திரும்பி வருவார்கள், வேகத்தைப் பார்த்தால் வராமல் இருக்க முடியாது. அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்குச் சேர்வராயன் காவல் இருக்கட்டும். உங்கள் முட்டி வலிக்கு மலைத்தேன் எடுத்து வைத்திருக்கிறேன்.

என்றும் தங்கள் அன்பை நம்பியிருக்கும்,
கோவிந்தராஜ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் ஆட்டோ. மேகலாவே வந்துவிட்டாள். "அண்ணன் ஊட்டுல நெட்டு வேகமாத்தான் வருதுங்க. சண்டை போடத்தான் ஆளில்ல" என்றாள். நான் உடனே கீழே அழைத்துப்போய்ப் படத்தை ஓட்டிக் காட்டினேன். போனை வாங்கிப் பார்த்தவள் அங்கேயே உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள். "ஏனுங்க, உங்க போன்ல வைஃபையே ஆஃப்ல கெடக்குது. தெரசம்மாக்கா ஊட்டுக்குக் கீழ புது டவர் போட்டாங்கல்ல, இது அதோட நெட்டுங்க." வைஃபையைப் போட்டுப் பார்த்தோம். மூன்று மேகலாவும் இருந்தார்கள், படம்தான் நகரவில்லை. அந்தக் கலகலப்பில் உறை நாலு நாள் ஒட்டாமலே கிடந்தது. இப்போது டவர் நெட்டில் வகுப்பு நடக்கிறது, துபாய்ப் பெண் திரும்பி வந்துவிட்டாள், மயிலுக்குத் தலை வந்தாகிவிட்டது. எழுதியதை வீணாக்க வேண்டாம் என்று அனுப்புகிறேன். எக்ஸ்டெண்டர் இரண்டும் இங்கே சும்மா இருக்கின்றன. உங்கள் வீடும் மூன்று மாடிதானே? ஞாயிற்றுக்கிழமை நானே வந்து மாட்டித் தருகிறேன். எங்கே வைக்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. நீங்கள் ஏணியை மட்டும் எடுத்து வைத்தால் போதும்.