கோயில் ஓட்டில் பேர் எழுதின விவகாரம்

செம்மேடு அஞ்சல், கொல்லிமலை
திங்கட்கிழமை, மழை விட்ட நேரம்

அன்புள்ள சூசைமாணிக்கம் அண்ணனுக்கு,

நம்ம கோயில் புனித அன்னம்மாள் தயவில் இங்கே கோயில் கூரையைத் தவிர எல்லாரும் நல்ல சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் கல்யாணப்பொண்ணு ஜாஸ்மின் கண்ணுவும் சுகமாக இருக்கச் செபிக்கிறேன். நேற்றுப் பூசை முடிந்து கோயிலுக்குள் நடந்த கூட்டத்தில் இருந்தவர்கள்: பங்குச்சாமியார் பெஞ்சமின் ஃபாதர், கொத்தனார் குழந்தைசாமி அண்ணன், மிளகுத் தோட்டத்து ருக்குமணியக்கா, தாலுக்கா ஆபீஸ் விஷ்ணு சார், பாதிப் பங்கு மக்கள், குற்றவாளி என்ற முறையில் நான். முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நாளைக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். போனில் சொல்லலாம்தான். நீங்கள் பாதியில் சிரித்துவிட்டு வைத்துவிடுவீர்கள், மீதியைச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதனால்தான் கடிதம்.

கோயில் கூரைக்காக நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சாமியார் காலத்துக் கூரை, பூசை நேரத்தில் பாதி ஓடு மடியில் விழுந்துகொண்டிருந்தது. பலகாரக் கடை போட்டோம். என் முறுக்கை வாங்கின விஷ்ணு சார் மறுநாள் பல் டாக்டரைப் பார்க்க நாமக்கல் போனார். பொருள் ஏலம் விட்டோம். நான் கொண்டுபோன பலாப்பழத்தை ஒருத்தரும் கேட்காததால் நானே கேட்டு, நானே விலை ஏற்றி, நானே தூக்கிக்கொண்டு ஊட்டுக்கு வந்தேன். இவ்வளவுக்கும் கணக்கில் ஒரு காசு பிசகில்லை, பிசகினது என் புத்திதான். ஏலம் முடிந்த சூட்டில் எழுந்து நின்று, "ஓட்டுத் திருநாள் வைப்போம், ஆளுக்கு ஒரு ஓடு வாங்கி இறந்துபோனவங்க பேரை எழுதிக் கூரையில ஏத்துவோம்" என்று சொல்லிவிட்டேன். அடிப்பக்கம் எழுதலாமா மேல்பக்கமா என்று ஃபாதர் கேட்டார். "மேல்பக்கம்தான் ஃபாதர், படிக்க வேண்டியவர் மேலதான இருக்கார்!" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணா, எனக்கு வாழ்நாளில் யாரும் கை தட்டினதில்லை. ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை.

ஓடு பறந்தது. கிறிஸ்தவங்க மட்டுமில்லை, சுத்துப்பட்டுக் குண்டனி நாட்டுக் குடியானவங்களும் வந்து அப்பன் பேர், அம்மாயி பேர், அப்புச்சி பேர் என்று எழுதச் சொன்னார்கள். அத்தனையும் என் கையால்தான் எழுதினேன். செபப்புத்தகத்தைப் பார்த்து நானாக எழுத்துப் படித்தவள் என்று யாரும் சொல்ல முடியாதபடி, குண்டு குண்டாக, மழைக்கும் வெயிலுக்கும் போகாத பெயிண்டில், மேல் வளைவில் திரும்புகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே படிக்கலாம். அந்த அழகுதான் இப்போது வினையாகிவிட்டது.

குழந்தைசாமி அண்ணன் கீழ்விளிம்பிலிருந்து மரச்சட்டத்தின் மேல் நின்றுகொண்டே இரண்டு பக்கமும் ஓடு வேய்ந்து உச்சி வரைக்கும் கொண்டுபோய்விட்டார். இரண்டு சரிவும் சேருகிற உச்சியில் மோட்டு ஓடு வைத்துச் சிமெண்ட் பூசுவதுதான் பாக்கி. அதற்கு நிற்கச் சட்டம் கிடையாது, வேய்ந்த ஓட்டின் மேல் ஏறித்தான் போகவேண்டும். ஏணியில் ஏறினவர் மிதிக்கக் காலைத் தூக்கும்போதுதான் முதல் வரிசையை நிதானமாகப் படித்தார். அப்படியே இறங்கிவிட்டார்.

"நான் மாட்டேனுங்க. அத்தனையும் பெரியவங்க பேரு. எங்க அப்புச்சி பேரும் அதுல இருக்குது. அதுமேல காலை வெச்சுப் போட்டு, அந்தக் காலோட எப்புடீங்க ஊட்டுக்குப் போறது?"

கூலி ஏற்றித் தருகிறோம் என்றோம். கோபம் வந்துவிட்டது. சாக்குப் போட்டு மூடலாமே என்றார் விஷ்ணு சார். "சாக்குக்கு அடியில யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியுமுங்களே" என்றார். முள்ளுக்குறிச்சியிலிருந்து வேறொரு கொத்தனாரை வரவழைத்தோம். அவரும் ஏறினார், படித்தார், இறங்கினார், பஸ் காசு வாங்கிக்கொண்டு போனார். படிக்கத் தெரியாத கொத்தனாராகத் தேடினால் இந்த மலையில் ஒருத்தர் இல்லை அண்ணா, எல்லாருக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

இதற்காகத்தான் நேற்றுக் கூட்டம். பேரை அழித்துவிடலாமா என்று ஃபாதர் மெதுவாகக் கேட்டார். கோயில் இரண்டுபட்டது. சரி, யாராவது தங்கள் ஓட்டின் மேல் மிதிக்கச் சம்மதம் கொடுங்கள் என்றார். எல்லாருக்கும் சம்மதம்தான், பக்கத்துவீட்டு ஓட்டுக்கு. ருக்குமணியக்கா எழுந்து, "எங்கூட்டுக்காரரு இருந்தப்ப நான் மிதிச்ச மிதியே போதுமுங்க சாமி, செத்தும் மிதிபடோணுமா?" என்றார். ஃபாதரே சிரித்துவிட்டார். நான் வீராப்பாக எழுந்து, "என் பேர்லயும் ஒரு ஓடு இருக்குது, நான் உசிரோடதான் இருக்கேன், தாராளமா மிதிங்க!" என்றேன். மறுபடி கை தட்டுவார்கள் என்று கொஞ்சம் நின்றேன். குழந்தைசாமி அண்ணன், "அது ஒண்ணே ஒண்ணுதானுங்களே அம்மிணி, அதுல ஏறி நின்னு எங்கீங்க போறது?" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

இதில் உங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். அந்த உச்சி நேராகக் கோயிலின் நடுப்பாதைக்கு மேலே இருக்கிறது. மழை பெய்தால் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிற சனம் நனையாது. வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நடந்து வருகிறவர்கள் மட்டும் நனைவார்கள். அடுத்த மாதம் கல்யாணத்தன்று அப்படி நடந்து வரப்போவது நம்ம ஜாஸ்மின். அப்பாவும் அம்மாவும் மாலை மாற்றின இடத்தில்தான் என் கல்யாணம் என்று ஒற்றைக்காலில் நிற்கிற பிள்ளை. உச்சி மூடாவிட்டால் கல்யாணத்தைக் கீழே ராசிபுரம் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஃபாதர் சொல்லிவிட்டார். என் ஒரு வாய்ச்சொல்லால் அந்தப் பிள்ளை ஆசை போகுமே என்று ராத்திரி சோறு இறங்கவில்லை. (மரத்தில் அடுத்துப் பழுத்த பலாப்பழம் இறங்கியது, வீணாக்கக்கூடாதே.)

விடிகாலையில் செபமாலை சொல்லும்போதுதான் தோன்றியது. நீங்கள் அனுப்பின பணத்துக்கு, "எல்லா ஓட்டிலும் அப்பா பேரையே எழுது" என்று சொன்னீர்கள். நான் அதைப் பிரித்துப் போட மனசில்லாமல், பெருமைக்காகக் கீழ்விளிம்பிலிருந்து உச்சி வரைக்கும் ஒரே நேர்வரிசையாக வைக்கச் சொன்னேன். சின்னப்பன், சின்னப்பன், சின்னப்பன் என்று அப்பா பேர் ஏணிப்படி மாதிரி போகிறது. அதில் ஏறினால் வேறு யார் பேரையும் மிதிக்காமல் உச்சிக்குப் போய்விடலாம். உச்சியிலும் பலகையைக் குறுக்கே போட்டு, அதன் பாரமும் அப்பா ஓட்டின் மேலேயே இறங்குகிற மாதிரி செய்யலாம்.

பணம் உங்களுடையது, அப்பா நம் இரண்டு பேருக்கும். நான் தனியாகத் தலையாட்டக்கூடாது, ஏற்கெனவே வாயாட்டினதே போதும். அப்பாவைக் கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "செருப்பைக் கழட்டிட்டு ஏறச் சொல்லு" என்பார், அவ்வளவுதான். நீங்களும் சரி என்று ஒரு வரி எழுதினால், அதைக் குழந்தைசாமி அண்ணனிடம் காட்டி வேலையை முடித்துவிடுவேன்.

அண்ணிக்கு என் அன்பு. ஜாஸ்மின் கண்ணுவுக்கு அத்தை நெற்றியில் சிலுவை வரைந்ததாகச் சொல்லுங்கள். அன்னை நம் எல்லார் தலைமேலும் கூரையாக இருக்கட்டும், இப்போதைக்கு வேறு கூரை இல்லை.

இப்படிக்கு,
வாயை அடக்கத் தெரியாத தங்கச்சி
ராஜாமணி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் குழந்தைசாமி அண்ணன் வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். உங்கள் சம்மதம் போதாதாம். "கடுதாசியில சொன்னா ஆவாதுங்க. அப்பன் பேரு மேல மகன் ஏறுனா குத்தமில்லீங்க. அவரு மொதல்ல ஏறட்டும், அவரு காலு பட்ட எடத்துல நான் காலு வெக்கறேன்" என்கிறார். மகள் ஏறினால் ஆகாதா என்று கேட்டேன். என்னைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "அண்ணனையே வரச் சொல்லிப்போடுங்க" என்றார். ஆகவே மேலே சம்மதம் கேட்டு எழுதினதையெல்லாம் விட்டுவிடுங்கள். போன கிறிஸ்துமஸுக்கு அண்ணி அனுப்பின போட்டோவில் உங்களைப் பார்த்தேன், தப்பாக நினைக்காதீர்கள், ஓடு புதுசு. இப்போது உங்கள் எடை எவ்வளவு? பஸ் கண்டக்டர் செல்வத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், அவர் கையிலேயே சீக்கிரம் பதில் கொடுத்தனுப்புங்கள்.