கொட்டகைக்கு எட்டாத குரல்

அன்புள்ள மைத்துனன் போஹ்டானுக்கு,

சஸ்காட்செவானிலிருந்து ஓரெஸ்ட் எழுதுவது. நானும் உன் அக்கா லெஸ்யாவும் சுகம். மாடுகளும் சுகம். அங்கே நீயும் பிள்ளைகளும் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும்.

நீ போன இலையுதிர் காலத்தில் வந்து, வீட்டுக் கூரையில் ஒன்றும் மாட்டுக் கொட்டகையில் ஒன்றுமாக வெள்ளை ஆன்டெனாத் தட்டுகளை மாட்டி, கம்பியில்லாமலே வீட்டு வைஃபையைக் கொட்டகைவரை இழுத்து, அங்கே ஒரு ஸ்பீக்கரும் வைத்துக் கொடுத்தாய் அல்லவா, எதற்காக என்று உனக்கே தெரியும். கழுத்தில் ஆபரேஷன் ஆனதிலிருந்து லெஸ்யாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. முன்பு அவள் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டால் அடுத்த பண்ணைக்காரனே சாப்பிடக் கிளம்பிவிடுவான். இப்போது கன்று ஈனும் பருவம், பொழுதன்றைக்கும் நான் கொட்டகையில். அவள் வழுக்கி விழுந்தால்கூட எனக்குத் தெரியாதே. அவள் வீட்டில் டேப்லெட்டில் பேசினால் கொட்டகை ஸ்பீக்கரில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஆனால் கொட்டகையில் என் போனில் ஹாக்கி ஆட்டம் ஜோராக ஓடியது, ஸ்பீக்கரைத் தேடினால் மட்டும் டேப்லெட் 'அருகில் ஒன்றுமில்லை' என்று சாதித்தது! எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன், தட்டில் படிந்த பனியைத் துடைத்தேன், கம்பத்தில் முதுகு சொறிந்த பசுவைத் திட்டினேன். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு ஓடி லெஸ்யாவிடம் கேட்பேன்:

"இப்பத் தெரியுதா?"

"தெரியல. மொதல்ல பூட்ஸைக் கழட்டு. வந்ததுதான் வந்த, ரெண்டு பெரோகிக் கொழுக்கட்டை தின்னுட்டுப் போ."

கடைசியில் இணையக் கம்பெனிக்கே போன் போட்டேன். ஷானா என்றொரு பெண் பொறுமையாகக் கேட்டாள்: "கொட்டகையில இருக்கற வைஃபை பெட்டியில, ஒவ்வொரு சாதனத்துக்கும் குடுக்கற நம்பரெல்லாம் யாரு மாத்தினது?"

"நான்தாம்மா. வீட்டுச் சாமானுக்கு ஒரு வரிசை, கொட்டகைச் சாமானுக்கு வேற வரிசை. மாட்டுக் காதுல நம்பர் வில்லை மாட்டறப்ப அப்படித்தானே? மந்தை கலந்துடக் கூடாதில்ல!"

"ஐயோ, சாதனம் தேடறதுன்னா 'யாரெல்லாம் இருக்கீங்க'ன்னு கூவிப் பாக்கறது. ஒரே வரிசையில இருக்கறதுக்குத்தான் அந்தச் சத்தம் போகும். கொட்டகைப் பெட்டி நம்பர் குடுக்கவே வேணாம், வர்றதை அப்படியே கடத்திவிடற பாலமா சும்மா இருக்கட்டும். வீட்டுப் பெட்டியே எல்லாத்துக்கும் குடுக்கும்."

அப்படியே மாற்றினேன். மறுநாள் கன்றைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே, "ஓரெஸ்ட், சூப் ஆறுது" என்றது அவள் குரல். கிசுகிசுப்புதான், ஆனாலும் அவளுடைய குரல். அங்கேயே வைக்கோலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் மச்சான். உனக்குக் கோடி நன்றி. நீயும் உன் வீட்டாரும் நோய்நொடியில்லாமல் நூறு அறுவடை பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓரெஸ்ட்

பி.கு.: லெஸ்யா இதைப் படித்துவிட்டுச் சொன்னது: "ஆமா, நல்லா வேலை செய்யுது. செய்ய ஆரம்பிச்சதுலேர்ந்து நீ இந்தப் பக்கமே வரல. கெட்டுக் கெடந்தப்ப மூச்சுக்கு மூச்சு வந்து மூஞ்சியக் காட்டுவ. எனக்குக் கூப்பிடவா ஆசை? நீ வரணும்னுதான் கூப்பிடறேன்." ஸ்பீக்கரைக் கழற்றி உனக்கே தபாலில் அனுப்பிவிட்டேன் மச்சான். இனி நானே மணிக்கொரு தரம் போய் அவளைப் பார்த்துக்கொள்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.