அப்பா யானையின் பாட்டு

எஃப் வரிசையில் ஏழும் எட்டும் இன்னும் காலியாகவே இருந்தன. மணி பதினொன்று. படம் தொடங்க வேண்டிய நேரம்.

மனைவி ஷீனா பத்தரைக்குப் போனில் பேசியிருந்தாள். அவளும் மகள் லிபியும் ஏறிய மார்த்தாண்டம் பஸ் பாலராமபுரம் நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கிறதாம். பிரவின்ராஜுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு வாடகை ஃப்ளாட்டில் அவனும் இன்னும் மூன்று பேரும் மூன்று வருடம் மாரடித்து எடுத்த கார்ட்டூன் படம் அது. காட்டுக்கு மொத்தமே பதினோரு மரம். கதை எங்கே போனாலும் அவையும் கூடவே போகும். மலைக்கு அந்தப்பக்கம் தண்ணீர் தேடிப் போகும் அப்பா யானைக்குக் குரல் கொடுக்க யாரும் அகப்படாமல், பிரவின்ராஜே பேசி, அவனே பாடியும் வைத்தான். குட்டியை நினைத்து யானை பாடுகிற பாட்டு. லிபியை நினைத்துத்தான் எழுதினான். இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய வீட்டுக்கு அவன் கடைசியாகப் போனது கிறிஸ்துமஸுக்கு. இப்போது ஓணம் நெருங்கிவிட்டது.

ஐந்து வயது லிபி போனில் எதற்கும் "ம்" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. அவள் வாய்விட்டுச் சிரிப்பதை ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று அவனுக்கு ஏக்கமாக இருந்தது.

மைக்கில் எல்லோரையும் போனை அணைக்கச் சொல்லித் தன் போனையும் அணைத்தவன், ஆபரேட்டர் மஹேஷிடம் ஓடினான்.

"ஒரு கால் மணிக்கூர் விளம்பரம் ஓட்டுங்க."

"சாரே, பிள்ளேரு ஸ்க்ரீனக் கீறும், கேட்டோ!"

பிள்ளைகள் திரையைக் கிழிக்காததுதான் பாக்கி. ஒரே நகைக்கடை விளம்பரம் ஆறாவது முறை வந்தபோது, அறுபது பிள்ளைகள் நாற்காலியில் ஏறி நின்று ஊளையிட்டார்கள். வாசலில் டிக்கெட் பார்க்கும் தங்கபாண்டியைக் கையோடு இழுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனான் பிரவின்ராஜ். அறுபது பொட்டலம் சோளப்பொரி வாங்கி இருவரும் சுமந்து வருவதற்குள், மஹேஷ் பொறுமையிழந்து படத்தைப் போட்டுவிட்டான். வாசலில் ஆளில்லாததால் நேரம் கழித்து வந்தவர்கள் இருட்டில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

எஃப் ஏழும் எட்டும் மட்டும் அப்படியே கிடந்தன.

சோளப்பொரி கைக்கு வந்ததும் பிள்ளைகள் அமைதியாகவில்லை. அதைத் திரையில் வந்த முயல்மீது எறிந்தார்கள்.

"அய்யே, முயலுக்கு வாலே இல்ல!"

"அந்த மரம் பின்னயும் வந்தாச்சு!"

திரையில் அப்பா யானை ஆற்றங்கரையில் நின்று குட்டியிடம் சொன்னது: "நாளைக்கு வந்துருவேன், தங்கமே."

"பொய்!" என்று முன்வரிசையில் ஒரு குழந்தை கத்தியது.

"நிச்சயமா வருவேன்," என்றது யானை.

"பொய்! வராது!"

பின்வாசலில் நின்ற பிரவின்ராஜுக்குச் சுருக்கென்றது.

"தங்கபாண்டி, அந்தப் பிள்ளைய கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க."

தங்கபாண்டி டார்ச் அடித்துக்கொண்டு போய் அதட்டினான். வந்தது வினை. யாரை அதட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்த்த அறுபது பேருக்கும் அந்தச் சொல் பிடித்துவிட்டது. யானை வாயைத் திறந்தால் போதும், தியேட்டரே "பொய்! வராது!" என்று முழங்கியது.

பாட்டுக்கு இன்னும் இரண்டு நிமிடம்தான்.

"அந்தப் பிள்ளைய வெளிய கூட்டிட்டுப் போங்க," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சின்னப் பிள்ளல்லா சார்? அம்மாவும் கூட இருக்காவ."

"ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க. மூணு வருசப் பாடு தங்கபாண்டி இது."

திரையோரத்துக் கதவு திறந்து மூடியது. தலைமை போனதும் கூட்டம் அடங்கிவிட்டது. யானை பாடத் தொடங்கியது.

'நாளை வாரேன், நாளை வாரேன், மலையைத் தாண்டி நாளை வாரேன்...'

ஒரு பிள்ளைகூடச் சிணுங்கவில்லை. எங்கோ ஒரு தாய் மூக்கை உறிஞ்சினாள். இதைக் கேட்க லிபி இல்லையே என்று நினைத்தான் பிரவின்ராஜ். காலி நாற்காலிகள் இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றான்.

பாட்டு முடியும்போது தங்கபாண்டி தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"சத்தம் போடக் கூடாதுன்னு நல்லவிதமாத்தான் சொன்னேன் சார். அந்தப் பிள்ள தேம்பித் தேம்பி அழுவுது. 'இந்த ஆனை எங்க அப்பாவாக்கும், தெனமும் போன்லயும் நாளைக்கு வாறேன்னுதான் சொல்லும்'ங்குது."