பிள்ளையைப் பிரியப் பழகின கதை

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். மகன் செல்லையாவக் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயி, டீச்சரம்மா சொல்றதக் கேட்டுட்டு வரணும்.

யுத்த காலம். எனக்கு ராஜபாளையத்துல பஞ்சாலையில ஃபிட்டர் வேலை. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். அரை நாள் லீவு போட்டு, பெட்ரோல் கெடைக்காம கரிப்புகையில ஓடுன பஸ்ஸப் பிடிச்சு, மூஞ்சியெல்லாம் புகையோட வந்து எறங்குனேன்.

"நீயே போயேன்"னு வீட்டுக்காரி ராசாத்திகிட்ட கேட்டுப் பாத்தேன்.

"நான் போனா அழுதுருவேன். நீங்க ஆம்பள, போயிட்டு வாங்க"ன்னுட்டா.

ஆம்பளன்னு சொன்ன பொறவு மறுக்க முடியுமா? மீசையைத் தடவிக்கிட்டுக் கெளம்புனேன்.

வர்ற ஜூன்ல சேரப்போற பிள்ளைகளப் பெத்தவங்க எல்லாரையும் ஞானம்மா டீச்சர் வரச்சொல்லியிருந்தாவ. "டவுசரைத் தானே மாட்டப் பழக்குங்க. சோத்தை அதுகளே அள்ளித் திங்கட்டும். வாத்தியார் அடிப்பாருன்னு பயங்காட்டாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே போனாவ. நானும் எல்லாத்துக்கும் பெரிய மனுசனாட்டம் தலையாட்டுனேன்.

பொறவு சொன்னாவ பாருங்க!

"இப்ப ஒரு ஒத்திகை. பிள்ளைகள உள்ள விட்டுட்டு நீங்க வெளிய வேப்பமரத்தடியில உக்காருங்க. எட்டிப் பாக்கக் கூடாது."

பக்கத்துல நின்ன சுந்தரபாண்டியத்து மாரியம்மா, பிள்ளையை உள்ள விட்டுட்டு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டா.

"ஏம்மா, பள்ளிக்கூடத்துக்குள்ளதான போகுது? ரங்கூனுக்கா கப்பல் ஏறுது?"ன்னு ஆறுதல் சொன்னேன்.

அடுத்து நாங்க. செல்லையா என் காலைக் கட்டிக்கிட்டு அழுவான், "ஏலே, சும்மா இரு"ன்னு அதட்டணும்னு தொண்டையைக் கனைச்சு வச்சிருந்தேன். அவன் என் கையை உதறிட்டு ஓடியே போயிட்டான். திரும்பிக்கூடப் பாக்கல!

சுருக்குன்னுச்சு.

மரத்தடியில செத்த நேரம் உக்காந்தேன். உள்ள ஒரே சிரிப்புச் சத்தம். அதுல என் மகன் சிரிப்பு தனியாக் கேட்டுச்சு. அப்பன் இல்லாம என்னலே சிரிப்பு?

மெல்ல எந்திரிச்சுப் பின்பக்கம் போனேன். ஜன்னல் உசரமா இருந்துச்சு. ஒரு கல்லை உருட்டிப் போட்டு ஏறுனேன். கம்பி ஒண்ணு வளைஞ்சிருந்துச்சு. தலையை விட்டுப் பாத்தேன். போயிருச்சு! செல்லையா களிமண்ணுல ஏதோ உருட்டிக்கிட்டிருந்தான். எனக்குக் கண்ணுல தண்ணி.

சரி போதும்னு தலையை இழுத்தா, காது ரெண்டும் வரமாட்டேங்குது. திருப்புனேன். சாச்சேன். காலடியில இருந்த கல்லும் உருண்டுருச்சு. சுவத்துல கால் வெரலை ஊனிக்கிட்டுத் தொங்குறேன்!

"டீச்சர், ஜன்னல்ல ஒரு தலை!"ன்னு ஒரு பாப்பா கத்துச்சு.

டீச்சர் வந்து பாத்தாவ. "இது யாரோட அப்பா?"

நான் செல்லையாவப் பாத்தேன். செல்லையா என்னையப் பாத்தான். களிமண்ணப் பாத்தான்.

"எனக்குத் தெரியாது டீச்சர்."

பெத்தவனையே!

அதுக்குள்ள வெளிய கூட்டம் கூடிருச்சு. மாரியம்மாதான் கல்லைத் திருப்பி என் காலுக்கடியில தள்ளுனா. "அழாதீங்கண்ணே, தலை பள்ளிக்கூடத்துக்குள்ளதான இருக்கு? ரங்கூனுக்கா போயிருச்சு?"



பள்ளிக்கூடத்து ஆயா விளக்கெண்ணெய் கொண்டாந்தா. எம்புட்டோ மிஷின்ல சிக்குனதையெல்லாம் கழட்டுன ஃபிட்டர் நான். அங்க என்னடான்னா, "அந்தக் காதுக்கு இன்னுங் கொஞ்சம் விடும்மா"ன்னு என் தலைக்கே யோசனை சொல்லிக்கிட்டு நிக்கேன். டீச்சர் உள்ள இருந்து நெத்தியைத் தள்ள, வெளிய ரெண்டு ஆம்பளைங்க தோளைப் பிடிச்சு இழுக்க, பொத்துன்னு வந்து விழுந்தேன்.

இந்தக் கூத்துல பிள்ளைக்கு எடம் இல்லைன்னுட்டா ராசாத்தி மூஞ்சியில எப்படி முழிக்க? எண்ணெய் வழிய டீச்சர் முன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்.

"டீச்சர், பையனைச் சேத்துக்குவீங்களா?"

அவிய சிரிப்பை அடக்கிக்கிட்டுச் சொன்னாவ: "அவனை ஜூன்லயே அனுப்புங்க, நல்லாத் தயாராயிட்டான். உங்களைச் சேக்குறதத்தான் அடுத்த வருஷம் பாக்கணும்."